டியூப் ஸ்டிரைக் நாளில் ஆய்ஸ்டர் கார்டு: லண்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

2025 செப்டம்பர் 8 முதல் 11 வரை நான்கு நாள், லண்டனில் டியூப் எனப்படும் சுரங்க ரயில்கள் ஏறக்குறைய ஓடவே இல்லை. சம்பள உயர்வு கேட்டும் வார வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டும் ஆர்.எம்.டி. தொழிற்சங்கம் நடத்திய வேலைநிறுத்தம் அது. செப்டம்பர், நம் ஊர் மாணவர்கள் பெட்டியோடு வந்து இறங்கும் மாதம். கல்லூரியின் முதல் வாரம், ஊரும் புரியவில்லை, ரயிலும் இல்லை. அந்த நிலையில் இருப்பவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்டிரைக் நாளில் எப்படிப் போய்ச் சேர்வது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆய்ஸ்டர் கார்டில், அதாவது பணம் ஏற்றி நிலைய வாசலில் தொட்டுப் போகும் பயண அட்டையில், பணம் எப்படிப் போகிறது என்று சொல்ல ஆள் குறைவு. மாற்றுப் பாதையில் அலைந்து திரிந்து வீட்டுக்கு வந்தபின், வழக்கமாக மூன்று பவுண்டு போகும் இடத்தில் பத்துப் பவுண்டு போயிருப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். மாதச் செலவை எண்ணி எண்ணிப் பார்க்கும் நேரத்தில் அது சின்னத் தொகை இல்லை. ஆனால் அதில் பெரும்பகுதியை நாமே தடுத்துவிடலாம்.

அதற்கு ஒரே ஒரு விஷயம் மனதில் இருந்தால் போதும். கார்டுக்கு நீங்கள் பட்ட பாடு தெரியாது. எந்த இடத்தில் தொட்டீர்கள், எத்தனை மணிக்குத் தொட்டீர்கள், இவ்வளவுதான் தெரியும். உள்ளே ஒரு தொடல், வெளியே ஒரு தொடல். இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதை இயந்திரமே ஊகித்துக்கொள்ளும். சாதாரண நாளில் அந்த ஊகம் சரியாக இருக்கும். ஸ்டிரைக் நாளில் பல நேரம் தவறிப்போகும்.

முதலில்: யார் ஸ்டிரைக் செய்கிறார்கள்?

"நாளைக்கு ட்ரெயின் ஸ்டிரைக்" என்று யாராவது சொன்னால் உடனே கேட்க வேண்டிய கேள்வி, எந்த ட்ரெயின் என்பது. லண்டனில் ஒரே கார்டு எல்லாவற்றிலும் செல்லும். அதனால் எல்லாம் ஒரே நிர்வாகம் என்று தோன்றும். அப்படி இல்லை. டியூப் எனப்படும் அண்டர்கிரவுண்ட் தனி. ஓவர்கிரவுண்ட் தனி. எலிசபெத் லைன் தனி. டி.எல்.ஆர். என்ற இலகு ரயில் தனி. தேம்ஸ்லிங்க், சதர்ன் போன்ற நேஷனல் ரயில் கம்பெனிகள் வேறு. பஸ்ஸைப் பல தனியார் கம்பெனிகள் ஒப்பந்தத்தில் ஓட்டுகின்றன. ஒரு கம்பெனி ஊழியர் வேலைநிறுத்தம் செய்தால் சில பஸ் தடங்கள் மட்டும்தான் நிற்கும்.

2025 செப்டம்பரில் டியூப் நின்றபோது எலிசபெத் லைன், ஓவர்கிரவுண்ட், பஸ் எல்லாம் ஓடின, பயங்கரக் கூட்டத்தோடு. டி.எல்.ஆர். ஊழியர்கள் அதே வாரத்தில் 9, 11 ஆகிய இரண்டு நாள் மட்டும் நிறுத்தினார்கள். ஆகவே 8ஆம் தேதி சரியாக இருந்த மாற்று வழி 9ஆம் தேதி இல்லை. ஒரு நாள் போன வழியிலேயே மறுநாளும் போகலாம் என்று நம்பிவிடாதீர்கள்.

இன்னொரு சிக்கல், ஒரே தண்டவாளத்தை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளும் இடங்கள். குவீன்ஸ் பார்க்கிலிருந்து ஹாரோ & வீல்ட்ஸ்டோன் வரை பேக்கர்லூ லைனும் ஓவர்கிரவுண்டின் லயனஸ் லைனும் சேர்ந்தே ஓடுகின்றன. கன்னர்ஸ்பரியிலிருந்து ரிச்மண்ட் வரை டிஸ்ட்ரிக்ட் லைனும் ஓவர்கிரவுண்டின் மில்ட்மே லைனும் அப்படித்தான். இப்படிப்பட்ட இடங்களில் ஒரு தரப்பு நின்றால் மறு தரப்பும் பாதிக்கப்படலாம். ஓவர்கிரவுண்ட் ஓடுகிறது என்று செய்தியில் சொல்வார்கள். ஆனால் அண்டர்கிரவுண்ட் ஊழியர் பார்த்துக்கொள்ளும் நிலையங்களில் அது நிற்காமலே போய்விடலாம். அதனால் லைனின் பெயரை மட்டும் தேடாமல், ஏறும் நிலையம், இறங்கும் நிலையம் இரண்டையும் லண்டன் போக்குவரத்து நிர்வாகமான டி.எஃப்.எல்.லின் செயலியில் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

பிரிட்டன் சட்டப்படி தொழிற்சங்கம் குறைந்தது பத்து நாளுக்கு முன்பே நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும். அதனால் ஸ்டிரைக் என்பது இங்கே திடீரென்று வராது. கடைசி நேரத்தில் பேச்சுவார்த்தை முடிந்து கைவிடப்படுவதுதான் திடீரென்று நடக்கும். முந்தின நாள் இரவு ஒருமுறை, காலையில் கிளம்பும்போது ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

முந்தின நாள் இரவு: கார்டைத் தயார் செய்வது

ஆய்ஸ்டர் 2003இல் வந்தது. 2014இலிருந்து வங்கியின் கான்டாக்ட்லெஸ் கார்டையே டியூபில் நேரடியாகத் தொட்டுப் போகலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் இரண்டிலும் ஒன்றே. புதிதாக ஆய்ஸ்டர் வாங்கினால் கார்டுக்கென்று தனியாக ஒரு தொகை தர வேண்டும், அது திரும்பக் கிடைக்காது. ஆகவே இங்கே வங்கிக் கணக்கு திறந்தாகிவிட்டது என்றால் அந்தக் கார்டே போதும்.

வந்த புதிதில் பலரிடம் இருப்பது இந்திய வங்கிக் கார்டுதான். விசா, மாஸ்டர்கார்டு, அமெக்ஸ் ஆகியவற்றில் கான்டாக்ட்லெஸ் இருந்தால் தொடலாம். ஆனால் இந்திய வங்கிகள் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தொட்டுச் செலுத்தும் வசதியையும் நாமே இயக்கும்வரை பொதுவாக மூடித்தான் வைத்திருக்கும். வங்கியின் செயலிக்குள் போய் இரண்டையும் இயக்கிவிட்டீர்களா என்று ஸ்டிரைக்குக்கு முந்தின இரவே பாருங்கள். காலையில் ஆயிரம் பேர் பின்னால் நிற்க, வாசலில் சிவப்பு விளக்கு எரிவதைவிட இது நல்லது. அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும் என்பதால் நீண்ட நாளுக்கு இந்த வழி சரிவராது. இடைக்காலத்துக்கு ஆய்ஸ்டரே மேல்.

ஆய்ஸ்டர் வைத்திருப்பவர்கள் இரவே பணம் ஏற்றிவிடுங்கள். டியூப் நிலையங்களில் டிக்கெட் கவுண்ட்டர்கள் 2015இலேயே மூடப்பட்டுவிட்டன. இயந்திரங்கள்தான் இருக்கின்றன. நிலையம் பூட்டியிருந்தால் இயந்திரமும் உள்ளே பூட்டிக்கிடக்கும். அப்போது இரண்டு வழி. ஒன்று, செயலியில் டாப்-அப் செய்வது. அரை மணி நேரம் கழித்து ஏதாவது ஒரு நிலையத்திலோ பஸ்ஸிலோ கார்டைப் படிக்கும் மஞ்சள் வட்டத்தைத் தொடும்போது பணம் கார்டுக்குள் ஏறும். இரண்டு, தெருமுனைக் கடை. கண்ணாடியில் ஆய்ஸ்டர் அடையாளம் ஒட்டியிருக்கும் கடைகளில் பணம் ஏற்றித் தருவார்கள். ஈஸ்ட் ஹாம், வெம்ப்ளி, டூட்டிங் பக்கம் இப்படிப்பட்ட கடைகளில் பலவற்றை ஈழத் தமிழர்கள் நடத்துகிறார்கள். தமிழிலேயே கேட்கலாம். எந்த பஸ் வருகிறது, எது வரவில்லை என்ற நிலவரமும் அங்கேயே கிடைத்துவிடும்.

கார்டை இணையத்தில் உங்கள் பெயரில் பதிவு செய்வதையும் அன்று இரவே முடித்துவிடுங்கள். ஆய்ஸ்டரோ வங்கிக் கார்டோ, எதுவானாலும் சரி. பதிவு செய்தால்தான் பயண வரலாறு தெரியும், தவறாகப் போன பணத்தைத் திரும்பக் கேட்பதும் சுலபம். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

ஸ்டிரைக் வரும் வாரத்தில் ஏழு நாள் ட்ராவல்கார்டு வாங்க வேண்டாம் என்பது என் எண்ணம். முன்பணம் கொடுத்துவிட்டு ரயில் ஓடாத நாள்களுக்கும் சேர்த்துப் பணம் கட்டியது போலாகிவிடும். அதற்குப் பதில் போகப் போகக் கட்டும் முறையிலேயே இருங்கள். ஒரு நாளுக்கு இவ்வளவுக்கு மேல் எடுக்காது, திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரத்துக்கு இவ்வளவுக்கு மேல் எடுக்காது என்று உச்சவரம்பு இருக்கிறது. 2021 செப்டம்பரிலிருந்து வார உச்சவரம்பு ஆய்ஸ்டருக்கும் உண்டு. நாள் கணக்கு அதிகாலை 4.30க்குத் தொடங்கி மறுநாள் 4.29 வரை. இரண்டு நாள் ரயில் இல்லையென்றால் அந்த வாரம் குறைவாகத்தான் போகும்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கார்டில் ஒருவர்தான் போக முடியும். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருந்தால் அவர்களுக்கும் ஆளுக்கொரு கார்டு வேண்டும்.

மாற்று வழியைக் கண்டுபிடிப்பது

ஈஸ்ட் ஹாமில் இருப்பவரை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது டிஸ்ட்ரிக்ட் லைன், ஹேமர்ஸ்மித் & சிட்டி லைன். இரண்டும் டியூப். ஸ்டிரைக் என்றால் இரண்டுமே இல்லை. ஆனால் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் வடக்கே போய்க்கொண்டே இருந்தால் மேனர் பார்க் வந்துவிடும். முருகன் கோவிலுக்கு நடந்து போய்ப் பழகியவர்களுக்கு அந்தப் பக்கம் தெரிந்திருக்கும். மேனர் பார்க் நிலையம் எலிசபெத் லைனில் இருக்கிறது. அங்கே ஏறினால் ஸ்ட்ராட்ஃபர்டு, ஒயிட்சேப்பல், லிவர்பூல் ஸ்ட்ரீட் என்று நேராக நடு லண்டன். கேனரி வார்ஃப் போக வேண்டுமென்றால் ஒயிட்சேப்பலில் இறங்கி, நிலையத்தை விட்டு வெளியே வராமலேயே அபி வுட் பக்கம் போகும் ரயிலுக்கு மாறலாம். இன்னொரு வழி உட்கிரேஞ்ச் பார்க். அது ஓவர்கிரவுண்டின் சஃப்ரஜெட் லைன், வடக்கு லண்டனைச் சுற்றி காஸ்பெல் ஓக் வரை போகும். ரொம்பக் கூட்டமாக இருந்தால் இல்ஃபோர்டிலிருந்து வரும் 25ஆம் எண் பஸ் ரோம்ஃபோர்டு ரோடு வழியாக ஸ்ட்ராட்ஃபர்டு, மைல் எண்ட், ஒயிட்சேப்பல் போகிறது. ஆமை வேகம்தான், ஆனால் போய்ச் சேர்க்கும்.

டூட்டிங் பக்கம் இருப்பவருக்கு டூட்டிங் பிராட்வே நார்தர்ன் லைனில் இருப்பதால் பூட்டியிருக்கும். ஆனால் டூட்டிங் என்ற பெயரிலேயே இன்னொரு நிலையம் இருக்கிறது, தேம்ஸ்லிங்க் ரயில் நிற்பது. பல மாதம் அங்கேயே குடியிருந்தும் அதைப் பார்க்காதவர்கள் உண்டு. பாலம் (Balham) நிலையம் வரை போய்விட்டால் சதர்ன் ரயிலில் விக்டோரியா. இங்கே பணம் சற்று மாறும். நேஷனல் ரயில் கட்டணம் வேறு அட்டவணை, டியூப் கட்டணம் வேறு அட்டவணை. அதே தூரத்துக்கு வழக்கத்தைவிட வேறு தொகை போயிருந்தால் அது பிழை இல்லை.

ஓர் ஆய்வைப் பற்றிச் சொல்ல இதுதான் இடம். 2014 பிப்ரவரியில், டிக்கெட் கவுண்ட்டர்கள் மூடப்படுவதை எதிர்த்து 48 மணி நேர டியூப் ஸ்டிரைக் நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் பதிவான ஆய்ஸ்டர் தொடல்களை ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் பொருளியல் ஆய்வாளர்கள் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஸ்டிரைக்கால் வேறு வழியில் போக நேர்ந்தவர்களில் சுமார் 5 சதவீதம் பேர், ஸ்டிரைக் முடிந்த பிறகும் பழைய வழிக்குத் திரும்பவே இல்லை. புது வழி மேல் என்று கண்டுகொண்டார்கள். டியூப் வரைபடம் உண்மையான தூரத்தைக் காட்டாமல் எளிதாகப் புரிவதற்காக நீட்டியும் சுருக்கியும் வரையப்பட்டிருப்பது அதற்கு ஒரு காரணம் என்கிறது அந்த ஆய்வு. நடு லண்டனில் இரண்டு நிலையம் தள்ளிப் போக வேண்டுமென்றால் நடந்து பாருங்கள். லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து காவென்ட் கார்டன் கால் கிலோமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். புதிதாக வந்தவர் ஸ்டிரைக் வாரத்தில் நடந்து கற்றுக்கொள்ளும் லண்டன், டியூபில் போய் ஒரு வருடத்தில் கற்றுக்கொள்வதைவிட அதிகம்.

வாசலில் செய்ய வேண்டியது

தொடுவதற்கு முன் பலகையைப் படியுங்கள். கூட்டம் தள்ளுகிறதே என்று தொட்டு உள்ளே போய், பிளாட்பாரத்தில் ரயில் இல்லை என்று தெரிந்து அதே வாசல் வழியே திரும்பினால், கார்டு அதைச் சும்மா விடாது. சிறிது நேரத்தில் வெளியே வந்தால் ஒரு கட்டணம் போகும். அரை மணி நேரத்துக்கு மேல் உள்ளே காத்திருந்துவிட்டு அதே நிலையத்தில் வெளியே வந்தால், முடியாத பயணங்கள் இரண்டு என்று கணக்குப் போட்டு இரண்டு மேக்ஸிமம் ஃபேர் எடுத்துவிடும். எங்கே போனீர்கள் என்று தெரியாதபோது இயந்திரம் எடுக்கும் உச்சத் தொகைதான் மேக்ஸிமம் ஃபேர். சாதாரணப் பயணத்தைப்போல் சில மடங்கு ஆகலாம், நாள் உச்சவரம்பிலும் சேராது. அதனால் முதலில் பலகை, அப்புறம் ஊழியரிடம் ஒரு கேள்வி, அப்புறம்தான் கார்டு.

கதவு திறந்தே கிடந்தாலும் தொடுங்கள். கூட்டம் மிஞ்சும்போது பாதுகாப்புக்காக ஊழியர்கள் எல்லாக் கதவையும் திறந்துவிட்டு, போங்கள் போங்கள் என்பார்கள். எல்லோரும் போகிறார்களே என்று நாமும் போய்விடுவோம். உள்ளே வரும்போது தொட்டது கார்டில் இருக்கிறது, வெளியே வந்தது இல்லை. நானும் ஒரு ஸ்டிரைக் மாலையில் அப்படி வெளியே வந்தவன்தான். மறுநாள் கணக்கைப் பார்த்தபோதுதான் புரிந்தது. இரண்டு அடி பக்கவாட்டில் போய் மஞ்சள் வட்டத்தைத் தொட ஒரு நொடிதான் ஆகும்.

டி.எல்.ஆர்., சின்ன ஓவர்கிரவுண்ட் நிலையங்கள் பலவற்றில் கதவே கிடையாது. ஒரு கம்பத்தில் மஞ்சள் வட்டம் மட்டும் இருக்கும். டியூபில் மட்டுமே போய்ப் பழகியவர் ஸ்டிரைக் நாளில் முதல் தடவையாக இப்படி ஒரு நிலையத்துக்கு வருவார், கம்பத்தைக் கவனிக்காமல் படியேறிவிடுவார். பரிசோதகர் வந்தால் அபராதம். வரவில்லை என்றால், இறங்குமிடத்தில் மேக்ஸிமம் ஃபேர். பிளாட்பாரத்துக்கு வரும் வழியிலேயே கண்ணைத் திறந்து தேடுங்கள்.

மஞ்சள் தவிர இளஞ்சிவப்பு வட்டமும் சில நிலையங்களில் இருக்கும். ஸ்ட்ராட்ஃபர்டு, ஹைபரி & இஸ்லிங்டன், காஸ்பெல் ஓக், வில்ஸ்டன் ஜங்ஷன், கனடா வாட்டர் போன்ற ரயில் மாறும் இடங்களில். சாதாரண நாளில் அதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஸ்டிரைக் நாளில் அதற்குத்தான் வேலை. நடு லண்டன் என்பது முதல் மண்டலம், அதைக் கடந்தால் கட்டணம் கூடும். நீங்கள் மேனர் பார்க்கில் ஏறி, ஸ்ட்ராட்ஃபர்டில் மில்ட்மே லைனுக்கு மாறி, வடக்கே சுற்றிக்கொண்டு வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மண்டலத்துக்குள் நீங்கள் கால் வைக்கவே இல்லை. ஆனால் கார்டு பார்த்தது மேனர் பார்க்கையும் வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட்டையும் மட்டும்தான். நடு லண்டன் வழியாகப் போயிருப்பீர்கள் என்று அது கணக்குப் போடலாம். மாறும்போது இளஞ்சிவப்பு வட்டத்தில் ஒருமுறை தொட்டால், இல்லை, நான் சுற்றி வந்தேன் என்று கார்டுக்குச் சொன்னதாக ஆகிறது. அதைத் தொடுவதற்குத் தனிப் பணம் கிடையாது.

நாள் முழுக்க ஒரே கார்டைப் பயன்படுத்துங்கள். போனில் இருக்கும் கார்டும் பர்ஸில் இருக்கும் அதே வங்கிக் கார்டும் இயந்திரத்துக்கு இரண்டு வேறு கார்டு. காலையில் போனைத் தொட்டு உள்ளே போய், பேட்டரி தீர்ந்ததால் பிளாஸ்டிக் கார்டைத் தொட்டு வெளியே வந்தால் இரண்டு முடியாத பயணம். ஸ்டிரைக் நாளில் வரைபடம் பார்த்துப் பார்த்தே போனில் சார்ஜ் தீர்ந்துவிடும் என்பதால், அன்று மட்டும் பிளாஸ்டிக் கார்டே நம்பகமானது. பர்ஸோடு சேர்த்துத் தொடாமல் கார்டை வெளியே எடுத்துத் தொடுங்கள். உள்ளே இருக்கும் வேறு கார்டை அது படித்துவிடக் கூடாது.

நேரமும் ஒரு கணக்கு

ஒவ்வொரு பயணத்துக்கும் மண்டலங்களைப் பொறுத்து ஓர் உச்ச நேரம் உண்டு. உள்ளே தொட்டதிலிருந்து அந்த நேரத்துக்குள் வெளியே தொட வேண்டும். சாதாரண நாளில் தாராளமாகப் போதும். நாலு ரயிலை விட்டுவிட்டு ஐந்தாவது ரயிலில் ஏறும் நாளில் போதாமல் போகலாம். போதவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம், இது திரும்பக் கேட்டால் கிடைக்கக்கூடிய பணம். எந்த நிலையத்தில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று மட்டும் போனில் குறித்து வையுங்கள்.

வார நாள்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும், மாலை 4 முதல் 7 வரையும் கூட்ட நேரத்துக்கான பீக் கட்டணம். ஸ்டிரைக் என்பதற்காக அது தளராது. வகுப்பு பத்தரைக்கு என்றால் 9.30 தாண்டித் தொடுங்கள். பணமும் குறையும், மூச்சுவிட இடமும் கிடைக்கும்.

கார்டு செல்லும், ஆனால் ஏறக் கூடாத ரயில்கள்

பிக்கடில்லி லைன் இல்லாத நாளில் ஹீத்ரோ விமான நிலையம் போக பேடிங்டனிலிருந்து எலிசபெத் லைன் நல்ல வழி. டியூபைவிடக் கட்டணம் அதிகம்தான், பரவாயில்லை. ஆனால் அதே பேடிங்டனில் ஹீத்ரோ எக்ஸ்பிரஸும் நிற்கும். அதிலும் கார்டு செல்லும் என்பதுதான் ஆபத்து. ஒருவழிக்கே 25 பவுண்டு அளவில் போய்விடும். தொடும் முன் பெயரைப் படியுங்கள்.

ஸ்ட்ராட்ஃபர்டு இண்டர்நேஷனலிலிருந்து செயின்ட் பேங்க்ரஸ் போகும் அதிவேக ரயில் சில நிமிடத்தில் கொண்டுபோய் விடும். நேரம்தான் முக்கியம் என்ற நாளில் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். கட்டணம் கூடுதல் என்று தெரிந்தே ஏறுங்கள். அது ஸ்ட்ராட்ஃபர்டு நிலையத்திலிருந்து கொஞ்சம் நடந்து போக வேண்டிய தனி நிலையம்.

ரெடிங், ஸ்லவ் பக்கம் படிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எலிசபெத் லைனில் மேற்கே வெஸ்ட் ட்ரெய்ட்டன் வரைதான் ஆய்ஸ்டர். அதற்கு அப்பால் வங்கிக் கார்டு மட்டுமே செல்லும். ஆய்ஸ்டரைத் தொட்டு ஏறி, ரெடிங்கில் இறங்கினால் வெளியே வர முடியாது, டிக்கெட் இல்லாத பயணி ஆகிவிடுவீர்கள்.

தேம்ஸ் நதியில் ஓடும் படகிலும் ஆய்ஸ்டரைத் தொடலாம். ஸ்டிரைக் நாளில் கூட்டம் அங்கேயும் வரும். அந்தக் கட்டணம் உங்கள் நாள் உச்சவரம்பில் சேராது.

பஸ்

பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தொட வேண்டும், இறங்கும்போது தேவையில்லை. 2014 ஜூலையிலிருந்து பஸ்ஸில் காசு வாங்குவதே இல்லை. ஒரு பயணம் 2023 மார்ச்சில் 1.75 பவுண்டு ஆனது. முதலில் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ், டிராம் மாறினாலும் மேற்கொண்டு பணம் இல்லை. இதற்கு ஹாப்பர் என்று பெயர். இடையில் ரயிலில் போய்விட்டு மறுபடி பஸ் ஏறினாலும் அது செல்லும்.

ஸ்டிரைக் நாளில் சாலை அடைத்துக்கொள்வதால் அந்த ஒரு மணி நேரம் வேகமாகக் கரைந்துவிடும். அது கடைசிப் பஸ்ஸில் ஏறும் நேரத்துக்குத்தான், இறங்கும் நேரத்துக்கு இல்லை. 58ஆம் நிமிடம் ஏறி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் சரி. 62ஆம் நிமிடம் ஏறினால் இன்னொரு கட்டணம். மாற வேண்டிய இடம் நெருங்கும்போது மணியைப் பார்த்து, கொஞ்சம் முன்னாலேயே இறங்கி மாறுவது நல்லதா என்று யோசியுங்கள்.

ஆய்ஸ்டரில் பஸ் கட்டணத்துக்குப் போதுமான பணம் இல்லையென்றாலும் ஒரே ஒரு முறை ஏற விடும், இருப்பு மைனஸுக்குப் போகும். பின்னிரவில் வீடு திரும்பும் நர்ஸ்களும் ஹோட்டல் ஊழியர்களும் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

ஏற்கெனவே ட்ராவல்கார்டு வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. எந்த மண்டலத்துக்கு வாங்கியிருந்தாலும், லண்டன் முழுக்க எல்லா பஸ்ஸிலும் அது செல்லும்.

மறுநாள்: கணக்கைப் பார்ப்பது

வங்கிக் கார்டில் வாசலில் தொட்ட உடனே முழுப் பணம் போகாது. நாள் முடிந்தபின் எல்லாப் பயணமும் சேர்த்துக் கணக்கிட்டு ஒரே தொகையாக எடுப்பார்கள். ஆகவே அன்று இரவே பார்த்துப் பதற வேண்டாம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ கணக்குக்குள் போய்ப் பாருங்கள். முடியாத பயணம் என்று குறியிட்டிருந்தால், எங்கே வெளியே வந்தீர்கள் என்று அங்கேயே நிரப்பித் திரும்பக் கேட்கலாம். எட்டு வாரத்துக்குள் கேட்டுவிடுங்கள். சில நேரம் பெரிய குழப்பம் நடந்த நாள்களில் அவர்களே தானாகத் திருத்திவிடுவார்கள், அதனால் இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பதில் தவறில்லை. இணையத்தில் சரிவராவிட்டால் 0343 222 1234 என்ற எண்ணில் டி.எஃப்.எல். வாடிக்கையாளர் சேவையை அழைக்கலாம். ஆங்கிலம் தடுமாறினாலும் தயங்க வேண்டாம். தேதி, ஏறிய நிலையம், இறங்கிய நிலையம், நேரம், இந்த நான்கையும் எழுதிவைத்துக்கொண்டு வாசித்தாலே போதும்.

தாமத இழப்பீடு என்பது வேறு. டியூபோ டி.எல்.ஆரோ 15 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தைத் திரும்பத் தரும் ஏற்பாடு அது. முன்கூட்டியே அறிவித்த ஸ்டிரைக்குக்கு அந்தப் பணம் வரும் என்று எண்ணிச் செலவு செய்துவிடாதீர்கள். தவறாக எடுத்த பணம் திரும்ப வரும், தாமதத்துக்கான பணத்தை நம்ப வேண்டாம்.

நிலைய வாசலில் மறியல் செய்பவர்கள் நின்றால் பயப்பட வேண்டாம். அவர்கள் பயணிகளைத் தடுக்க நிற்கவில்லை. எது திறந்திருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பொறுமையாகச் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தையும் சமாளித்துக்கொண்டு உள்ளே வேலைக்கு வந்திருக்கும் ஊழியரிடமும் அன்போடு பேசுங்கள். இருவரில் யாருமே உங்கள் காலைப் பொழுதைக் கெடுக்க வந்தவர்கள் இல்லை.

கடைசியாக, ஸ்டிரைக் முடிந்த மறுநாள் காலை. 2025இல் 11ஆம் தேதியோடு ஸ்டிரைக் முடிந்தது. ஆனால் 12ஆம் தேதி காலை எட்டு மணிக்கு முன் டியூப் கிடையாது என்று அறிவித்திருந்தார்கள். அதிகாலை ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் அந்த ஒரு நாளையும் ஸ்டிரைக் நாளாகவே வைத்துக்கொண்டு, முந்தின நாள் போன பஸ்ஸிலேயே போங்கள்.